தாத்தாவின் ராணுவ ஃபைல் எரிந்துபோனாலும் வழி உண்டு: பணம் போன தடத்தைப் பிடியுங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் மனைவி பென்சில்வேனியாக்காரர். அவருடைய தாத்தா, அதாவது உங்கள் மாமனாரின் அப்பா, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்துவிட்டு 1945 கடைசியில் வீடு திரும்பியவர். அவருடைய ராணுவ ஃபைலைக் கேட்டு செயின்ட் லூயிஸில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதினீர்கள், 1973இல் அங்கே பிடித்த தீயில் அழிந்திருக்கலாம் என்று பதில் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், அதே குடும்பத்தில் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டதாக வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது, அவர் பெயரும் மாவட்டமும் தவிர வேறெதுவும் தெரியாது. இனி என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி நிறைய இருக்கிறது. பதினைந்து வருடமாக இங்கே நண்பர்கள், அக்கம்பக்கத்தார் என்று பல குடும்பங்களுக்காக இந்த ஆவணங்களைத் தேடியிருக்கிறேன். அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ராணுவம் தன் சிப்பாயைப் பற்றி எழுதிவைப்பது ரொம்பக் கொஞ்சம். உயரம், கண்ணின் நிறம், என்ன தொழில், எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்த மாதம் ஆஜர், எந்த மாதம் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அவருக்கோ அவர் மனைவிக்கோ அரசாங்கம் காசு கொடுக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் குடும்பக் கதை முழுவதையும் சாட்சியோடு எழுதச் சொன்னார்கள். அதனால் எந்தப் போராக இருந்தாலும் சரி, பணம் எங்கே கைமாறியது என்று தேடுங்கள்.

முதலில் அந்தத் தீ விபத்தைப் பற்றி. 1973 ஜூலை 12 நள்ளிரவு தாண்டி, செயின்ட் லூயிஸை ஒட்டிய ஓவர்லாந்தில் இருந்த ராணுவப் பணியாளர் ஆவணக் கட்டிடத்தின் ஆறாவது மாடியில் பிடித்த தீ நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. ஃபைல்கள் அடுக்கியிருந்த மாடிகளில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரை ஃபைல்கள் போய்விட்டன. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஃபைல்களில் சுமார் 80 சதவீதம், 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விமானப்படையிலிருந்து வெளிவந்தவர்களில் ஹப்பர்டு என்ற பெயருக்குப் பின்னால் அகரவரிசையில் வருபவர்களின் ஃபைல்களில் சுமார் 75 சதவீதம். இதற்கு நகலும் கிடையாது, மைக்ரோஃபிலிமும் கிடையாது. கடற்படை, மரைன் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் 80 சதவீதம் போனது என்றால் ஐந்தில் ஒன்று தப்பியது என்றும் அர்த்தம். தப்பியவற்றிலும் பல, ஓரம் கருகியும் தீயணைப்புத் தண்ணீரில் நனைந்து ஒட்டியும் கிடைத்து, பிறகு பக்கம் பக்கமாகப் பிரித்து எடுக்கப்பட்டவை. ஒரு நண்பரின் அப்பாவுடைய ஃபைலின் நகலை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையும் பாதி நிலா வடிவத்தில் கரிந்துபோயிருந்தது, கீழே டைப் அடித்த வரிகள் அப்படியே இருந்தன. அவர் அப்பா ராணுவத்துக்குப் போகுமுன் ஒரு பேக்கரியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார் என்பது மகனுக்கே அந்த வரியில்தான் தெரிந்தது.

எனவே முதல் வேலை, செயின்ட் லூயிஸுக்கே திரும்ப எழுதுவது. இந்த முறை ஃபைலை மட்டும் கேட்காமல், இறுதிச் சம்பள ரசீதையும் சேர்த்துக் கேளுங்கள். படையிலிருந்து விடுவிக்கும் நாளில் பாக்கிச் சம்பளத்தைக் கணக்குத் தீர்த்துக் கொடுத்த சீட்டு அது. இது ராணுவத்திடம் இல்லாமல் மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகத்திடம் இருந்த ஆவணம் என்பதால் தப்பியது, இப்படி 1 கோடியே 90 லட்சம் சீட்டுகள் இருக்கின்றன. பெயர், ராணுவ எண், பதவி, விடுவிப்புத் தேதி, வீட்டு முகவரி எல்லாம் அதில் உண்டு. ஃபைல் எரிந்துபோன ஒருவரின் சேவை விவரத்தை அரசாங்கமே இது போன்ற ஆவணங்களை வைத்துத்தான் மறுபடி கட்டியெழுப்புகிறது.

இதில் யாருக்கு உரிமை என்ற சந்தேகம் பலருக்கு வருகிறது. படையிலிருந்து விலகி 62 வருடம் ஆகிவிட்டால் ஃபைல் பொது ஆவணம் ஆகிவிடும், யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி வாங்கலாம். 1945இல் வந்தவருக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. நான் கடைசியாக வாங்கியபோது ஐந்து பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர். 62 வருடம் ஆகாதவர்களுக்கு மட்டும்தான் மறுமணம் செய்யாத மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்ற கட்டுப்பாடு. அதில் பேரப்பிள்ளைகள் வரமாட்டார்கள், இது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், செயின்ட் லூயிஸுக்கு வெளியே மூன்று இடம். முதலாவது, அவர் ஊர் திரும்பியபோது வசித்த மாவட்டத்தின் கோர்ட் கட்டிடம். விடுவிப்புச் சான்றிதழ் தொலைந்தால் சலுகைகள் போய்விடும் என்று அந்தக் காலத்தில் நிறைய பேர் அதை மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துவைத்தார்கள், நம் ஊரில் பத்திரம் பதிகிற மாதிரி. எந்தப் படைப்பிரிவு, எந்தெந்தச் சண்டை, என்ன பதக்கம், எப்போது கப்பல் ஏறினார் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். இரண்டாவது, ஹாரிஸ்பர்க்கில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகம். இரண்டாம் உலகப்போரில் போய்வந்தவர்களுக்குப் பென்சில்வேனியா மாநிலம் தனியாக ஒரு ஊக்கத்தொகை கொடுத்தது, அதற்கு 1950இல் போட்ட விண்ணப்பங்கள் அப்படியே இருக்கின்றன, முன்னோர்களைத் தேட உதவும் ஆன்செஸ்ட்ரி இணைய தளத்திலும் பார்க்கலாம். உள்நாட்டில் எத்தனை நாள், வெளிநாட்டில் எத்தனை நாள் என்று தேதியோடு எழுதியிருப்பார்கள், ஏனென்றால் அந்தக் கணக்கில்தான் காசு. மூன்றாவது, தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ராணுவச் சேர்க்கைப் பட்டியல். 1938 முதல் 1946 வரை சேர்ந்த சுமார் 90 லட்சம் பேரின் விவரம் பழைய துளை அட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டது. படிப்பு, தொழில், பிறந்த மாநிலம், ராணுவ எண் எல்லாம் உண்டு. எண் 3இல் தொடங்கினால் கட்டாயச் சேர்ப்பில் வந்தவர், 1இல் தொடங்கினால் தானாகப் போய்ச் சேர்ந்தவர். இந்த எண் கையில் இல்லாமல் மேலே எதற்கும் எழுதாதீர்கள், ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள்.

அவர் பிரிவு தெரிந்ததும், அவர் இருந்த கம்பெனியின், அதாவது படையின் சிறு பிரிவின், காலை அறிக்கைகளைத் தேடலாம். யார் காயம், யார் மாற்றல், யார் புதிதாக வந்தார் என்று ஒவ்வொரு நாளும் எழுதிய ஒற்றைத் தாள். வழக்கம்போல் வேலையில் இருந்தவர் பெயர் அதில் வராது, ஏதாவது நடந்தால்தான் வரும். போரில் இறந்தவர்களுக்கென்று வேறொரு ஃபைல் உண்டு, உடலை எங்கே அடக்கம் செய்வது என்று தாய்மார்கள் எழுதிய கடிதங்கள் அதில் இருக்கும். உங்கள் விஷயத்தில் அது வேண்டியதில்லை, ஆனால் அவருடைய அண்ணன் தம்பி யாராவது திரும்பாமல் போயிருந்தால் அதைக் கேளுங்கள்.

சரி, இப்போது உள்நாட்டுப் போர்க்காரர். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிக்கொண்ட போர் அது, 1861 முதல் 1865 வரை. வயதைக் கணக்குப் போட்டால் இவர் உங்கள் மனைவிக்கு எள்ளுத்தாத்தாவாக வருவார் என்று நினைக்கிறேன். இவரைத் தேடுவது இரண்டாம் உலகப்போர்க்காரரைத் தேடுவதைவிட எளிது, கிடைப்பதும் பல மடங்கு அதிகம்.

பெயரை வைத்து நேராகப் பட்டியலில் தேட ஆரம்பிக்காதீர்கள், முதலில் அவர் எந்த ரெஜிமென்ட், அதாவது பல கம்பெனிகள் சேர்ந்த எந்தப் படைப்பிரிவு, என்று உறுதி செய்யுங்கள். அந்தப் போரில் ஒரு கம்பெனி என்பது பெரும்பாலும் ஒரே மாவட்டத்திலிருந்து திரட்டிய ஏறத்தாழ நூறு பேர், அண்ணன் தம்பி, மச்சான், பக்கத்து வயல்காரர் என்று ஒன்றாகப் போனவர்கள். அதனால் ஒரே பெயரில் பத்துப் பேர் வந்தாலும், உங்கள் மாவட்டத்தில் திரட்டிய கம்பெனியில் இருப்பவர்தான் உங்கள் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வடக்குப் படையில் இருந்தாரா தெற்கா என்று ஒரு கட்டம் உண்டு, "யுஏ" என்று எழுதியிருந்தால் வடக்குத் தரைப்படை. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டால் 1890க்குப் போங்கள். அந்த வருடக் கணக்கெடுப்பு ஏறக்குறைய முழுவதும் 1921 தீயிலும் அதற்குப் பிறகும் போய்விட்டது, ஆனால் வடக்குப் படையினரையும் அவர்கள் விதவைகளையும் தனியாக எண்ணிய பட்டியலில், கென்டக்கியின் பாதியிலிருந்து அகரவரிசையில் பின்னால் வரும் மாநிலங்கள் தப்பின. பென்சில்வேனியா அதில் வந்துவிடுகிறது. கம்பெனி, ரெஜிமென்ட், சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிப் பத்தியில் உடலில் என்ன ஊனம் என்பது வரை அதில் இருக்கும். ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள், ஐந்து முனை நட்சத்திரம் பதித்த உலோக அடையாளம் நட்டிருந்தால் அவர் வடக்குப் படையின் முன்னாள் வீரர் சங்கத்தைச் சேர்ந்தவர்.

ரெஜிமென்ட் தெரிந்ததும் சேவைப் பதிவு கிடைக்கும். ஒரு உறை, உள்ளே சின்னச் சின்ன அட்டைகள், இரண்டு மாதத்துக்கு ஒன்று வீதம் ஆஜர் அல்லது ஆஜரில்லை. இந்த அட்டைகள் போர்க்களத்தில் எழுதியவை இல்லை. 1890களில் வாஷிங்டனில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து பழைய வருகைப் பட்டியல்களைப் பார்த்து ஆளுக்கு ஆள் பிரித்து எழுதினார்கள். எதற்காக? பென்ஷன் கேட்டு லட்சக்கணக்கில் வந்த மனுக்களைச் சரிபார்க்க. இங்கேயும் காசுதான்.

அந்தப் பென்ஷன் ஃபைலைத்தான் நீங்கள் எப்பாடு பட்டாவது வாங்க வேண்டும். 1862இல் வந்த சட்டம் போரில் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் கொடுத்தது. 1890 சட்டம் 90 நாள் சேவை செய்து, போரோடு சம்பந்தமில்லாத காரணத்தால் உடல் உழைப்புக்கு முடியாமல் போனவருக்கும் கொடுத்தது. 1907இல் 62 வயதானாலே போதும் என்று ஆனது. 1890களில் மத்திய அரசின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பென்ஷனுக்கே போனது, அதனால் நிறைய நாள் உயிரோடிருந்த வடக்குப் படை வீரருக்கு ஃபைல் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

ஒரு விதவை பணம் வாங்க வேண்டுமானால் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டும், கணவர் இறந்ததை நிரூபிக்க வேண்டும், மறுமணம் செய்யவில்லை என்று சாட்சி வேண்டும், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பிறந்த தேதிகள் வேண்டும். சான்றிதழ் என்று ஒன்று இல்லாத காலம். அதனால் குடும்ப பைபிளில் எழுதிவைத்த பிறப்பு, இறப்புப் பக்கத்தைக் கிழித்தே அனுப்பினவர்கள் உண்டு, பிரசவம் பார்த்த பெண்மணியைக் கூட்டிப்போய் வாக்குமூலம் கொடுக்க வைத்தவர்கள் உண்டு. அந்தக் கிழித்த பக்கம் இன்றும் ஃபைலுக்குள் மடித்தபடி கிடக்கிறது. அது போக, பென்ஷன் அலுவலகம் 1898இலும் 1915இலும் வீரர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. மனைவியின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், கல்யாணம் எங்கே, யார் நடத்திவைத்தது, முன்பு வேறு கல்யாணம் உண்டா, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும். பல சமயம் நடுங்கும் கையெழுத்தில் அவரே நிரப்பியிருப்பார். ஃபைல் வந்ததும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டு தாளைத்தான்.

வாங்குவது எப்படியென்றால், ஃபேமிலிசர்ச் இணைய தளத்தில் இலவசமாகவோ, ஆன்செஸ்ட்ரி, ஃபோல்ட்3 தளங்களிலோ பென்ஷன் அட்டவணை அட்டையைத் தேடுங்கள். காசு கட்ட வேண்டாம், அமெரிக்காவில் உள்ளூர் நூலகங்கள் பலவற்றில் இந்தத் தளங்களை இலவசமாகப் பார்க்கலாம். அட்டையில் வீரர் பெயர், அதன் கீழே விதவை பெயர், ரெஜிமென்ட், பிறகு மனு எண், சான்றிதழ் எண் என்று இரண்டு பத்தி இருக்கும். சான்றிதழ் எண் காலியாக இருந்தால் மனு நிராகரிக்கப்பட்டது அல்லது முடிவாகாமல் நின்றுவிட்டது என்று பொருள், ஆனால் மனதைத் தளரவிடாதீர்கள். நிராகரித்த ஃபைலும் பத்திரமாக இருக்கிறது, சண்டை போட்டு வாதாடியதால் அது மற்றவற்றைவிடத் தடிமனாக இருப்பதும் உண்டு. அந்த எண்களை வைத்து வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 85ஆம் எண் படிவத்தில் முழு ஃபைல் வேண்டும் என்று கேளுங்கள், 80 டாலருக்கு முதல் 100 பக்கம். குறைந்த விலையில் தேர்ந்தெடுத்த சில பக்கங்களை மட்டும் அனுப்பும் வசதியும் உண்டு, அதை வாங்காதீர்கள். எந்தப் பக்கம் உங்களுக்கு முக்கியம் என்று வேறு யாருக்கும் தெரியாது. தெற்குப் படையில் இருந்தவர் என்று தெரியவந்தால் வாஷிங்டனில் பென்ஷன் ஃபைல் கிடைக்காது, தெற்கு மாநிலங்கள் தாங்களாகவே கொடுத்தன, அதுவும் அவர் எந்த மாநிலத்திலிருந்து போருக்குப் போனார் என்பதல்ல, வயதான காலத்தில் எங்கே குடியிருந்தார் என்பதே கணக்கு.

என் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை இருக்கிறார், கறுப்பின அமெரிக்கர். அவர் குடும்பத்தை 1870க்கு முன்னால் கொண்டுபோகவே முடியவில்லை. அடிமைகளாக இருந்தவர்கள் கணக்கெடுப்பில் முதன்முதலாகப் பெயரோடு வருவது அந்த வருடம்தான், 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் வயதும் பாலினமும் மட்டும் உண்டு, பெயர் இல்லை. அவருடைய முன்னோர் ஒருவர் வடக்குப் படையின் கறுப்பினப் படைப்பிரிவில் இருந்தவர், அப்படிப் போனவர்கள் சுமார் 1,79,000 பேர். அந்த முன்னோரின் மனைவியுடைய விதவை பென்ஷன் ஃபைலை நாங்கள் இருவரும் வாசிப்பறையில் சேர்ந்து படித்தோம். சட்டப்படி அடிமைகளுக்குக் கல்யாணம் என்பதே கிடையாது, ஆகவே காட்ட எந்தத் தாளும் இல்லை. விசாரணை அதிகாரி ஊருக்கே வந்து உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரித்திருக்கிறார். எந்த வருடம் கல்யாணம் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, சோளம் உரிக்கும் காலம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கணவரின் கூடப்பிறந்தவர் யார், அவர்கள் யாருடைய பண்ணையில் இருந்தார்கள், எந்தத் தங்கையைத் தெற்கே விற்றார்கள், ஏன் அவர் படையில் எஜமானரின் குடும்பப் பெயரில் சேர்ந்துவிட்டுப் பிறகு தன் அப்பாவின் பெயருக்கு மாறினார், எல்லாவற்றையும் அவர் கூட இருந்த சிப்பாய்கள் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார்கள். கடைசியில் அந்த அம்மாவின் பெயருக்கு நடுவே ஒரு எக்ஸ் குறி. ஆசிரியை அந்தக் குறியின் மேல் விரலை வைக்காமல், ஒரு அங்குலம் மேலே காற்றில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். அவருக்கு அன்று நான்கு புதுப் பெயர்கள் கிடைத்தன.

யாராவது இதே தேடலில் இருந்தால் இன்னொன்று. மேரிலாந்து, மிசூரி போன்ற எல்லை மாநிலங்களில், வடக்குக்கு விசுவாசமாக இருந்த எஜமானர்கள் தங்கள் அடிமை படையில் சேர்ந்ததற்கு 300 டாலர் வரை இழப்பீடு கேட்க முடிந்தது. அந்த மனுவும் விடுதலைப் பத்திரமும் சிலருடைய சேவைப் பதிவின் உறைக்குள்ளேயே இருக்கும். யாருடைய பண்ணை என்று தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் உயில், சொத்துப் பதிவுகள் வழியாக இன்னும் பின்னால் போகலாம்.

இன்னும் பழைய போர்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் எரிந்ததில் அமெரிக்கச் சுதந்திரப் போரின் சேவைப் பதிவுகள் பெரும்பாலும் போய்விட்டன. அதனாலேயே பிறகு பென்ஷன் கேட்டவர்கள், குறிப்பாக 1832 சட்டத்தின்கீழ், கோர்ட்டில் நின்று தங்கள் கதையை முதலிலிருந்து வாய்மொழியாகச் சொல்ல வேண்டிவந்தது, அப்படிச் சுமார் 80,000 ஃபைல்கள் உண்டு. 1812இல் பிரிட்டனோடு தொடங்கிய போரின் பென்ஷன் ஃபைல்கள் ஃபோல்ட்3இல் இலவசம். காசுக்குப் பதில் நிலம் கொடுத்த சீட்டுகளும் உண்டு, பலர் நிலத்தைப் பார்க்காமலேயே சீட்டை விற்றுவிட்டார்கள், எனவே சீட்டில் இருக்கும் ஊருக்கு அவர் குடிபோனார் என்று முடிவுகட்டாதீர்கள்.

முதல் உலகப்போருக்கு 1917, 1918இல் பதிவு செய்த சுமார் 2 கோடியே 40 லட்சம் கட்டாயச் சேர்ப்பு அட்டைகள் இருக்கின்றன. அட்டை இருப்பதால் அவர் போருக்குப் போனார் என்று அர்த்தமில்லை, ஏறக்குறைய எல்லா ஆண்களும் பதிய வேண்டியிருந்தது, குடியுரிமை இல்லாதவர்களும்கூட. கலிஃபோர்னியாவில் வயல்வேலை செய்த பஞ்சாபிகளின் அட்டைகள் அப்படித்தான் கிடைக்கின்றன. அமெரிக்கப் படையில் தலைப்பாகையோடு சேவை செய்து, பிறகு குடியுரிமைக்காக 1923இல் உச்ச நீதிமன்றம் வரை போன பகத் சிங் திண்ட் அந்தக் காலத்தவர்தான். நம் பக்கத்திலிருந்து போன யாரையாவது தேடுபவர்களும் இந்த அட்டைகளிலிருந்தே தொடங்கலாம். பெயரைக் கேட்ட குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் பத்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பென்சில்வேனியா ஜெர்மன் குடும்பங்களுக்கும் இதே தொல்லைதான், ஷ்மிட் என்று போருக்குப் போனவர் ஸ்மித் என்று பென்ஷன் வாங்கியிருப்பார்.

உள்நாட்டுப் போர்ப் பென்ஷனில் கடைசியாகப் பணம் வாங்கியவர், ஒரு சிப்பாயின் மகள், 2020இல்தான் இறந்தார். மாதம் 73 டாலர் 13 சென்ட், கடைசி வரை வந்துகொண்டிருந்தது. 1865இல் முடிந்த போருக்கு அத்தனை காலம் ஒரு ஃபைல் திறந்தே இருந்திருக்கிறது, உங்களுடையதும் எங்கோ ஒரு அலமாரியில் கட்டிவைத்தபடி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

முதலில் இந்த வாரம் உங்கள் மாமனாரிடம் பேசுங்கள். அப்பாவின் பழைய டின் பெட்டி, பைபிள், கல்லறை ரசீது ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், வயதானவர்கள் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதே நாளில் மாவட்டக் கோர்ட்டுக்கு ஒரு ஃபோன். பிறகு பென்ஷன் அட்டவணை அட்டை. அது கிடைத்ததும் அதில் இருக்கும் எண்களையும் சுருக்கெழுத்துகளையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், எந்த எண்ணின் கீழ் ஃபைலைக் கேட்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். விதவையும் மனு போட்டிருந்தால் பெரும்பாலும் எல்லாம் அவர் எண்ணின் கீழ்தான் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும்.